காகிதம் வந்த வழி – 9: மரப்பட்டையில் பூத்த தோட்டம்

1826ஆம் ஆண்டு வசந்த காலத்தில், நாகசாகியிலிருந்து புறப்பட்ட டச்சுத் தூதுக்குழு எடோ நகரை வந்தடைந்தது. இன்றைய தோக்கியோதான் அன்றைய எடோ. வெளிநாட்டவர்கள் ஜப்பானுக்குள் நடமாடத் தடை இருந்த காலம். நாகசாகி துறைமுகத்தை ஒட்டிய தேஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் டச்சு வணிகர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். நாட்டை ஆண்ட ஷோகனுக்கு மரியாதை செலுத்த எடோ வரும்போதுதான் அவர்களால் நாட்டைக் கண்ணாரப் பார்க்க முடியும். அந்த ஆண்டு குழுவோடு வந்த மருத்துவர் ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபொன் சீபோல்ட், முப்பது வயது ஜெர்மானியர். செடிகொடி என்றால் உயிரையே விடுபவர். அவரைப் பார்க்க எடோவின் மருத்துவர்களும் மூலிகை அறிஞர்களும் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் இவாசாகி கன்னென். வயது நாற்பது. ஷோகனின் சேவகர் படையில் கீழ்நிலையில் இருந்தவர்; சொத்து சுகம் எதுவும் கிடையாது. ஆனால் எடோவின் சுற்றுவட்டாரத்தில் எந்தச் செடி எங்கே முளைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. 1818இல் தோட்டக்கலைக்கு ஒரு கையேடு எழுதினார். 1824இல் எடோ வட்டாரத்தின் விளைபொருள்களையும் உயிரினங்களையும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். சீபோல்டைச் சந்தித்தபோது அவருடைய முகத்தையும் படமாக வரைந்து வைத்துக்கொண்டார். கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்துவிடும் கை அது.

அந்தக் கை பல ஆண்டுகளாக ஒரு பெரிய வேலையில் இறங்கியிருந்தது. நாட்டில் உள்ள செடி, கொடி, மரம் அனைத்தையும் வண்ணத்தில் வரைந்து தொகுப்பது. உள்நாட்டில் கிடைக்காதவற்றுக்கு, ஜெர்மானியர் வைன்மனின் பதினெட்டாம் நூற்றாண்டுப் படத்தொகுதியைப் பார்த்து வரைந்தார். 1828இல் வேலை முடிந்தது. மொத்தம் 96 தொகுதிகள். ஏறத்தாழ 2,000 தாவரங்கள். 'ஹொன்ஸோ ஸுஃபு' என்று பெயர்.

முடிந்த நூலை அச்சேற்றுவதில்தான் சிக்கல். 1830 முதல் வெளிவந்தவற்றில் ஆரம்பத் தொகுதிகள் சில மட்டுமே மரக்கட்டையில் அச்சானவை. அவற்றிலும் கோட்டுருவம்தான் அச்சு, வண்ணம் கையால் தீட்டியது. மீதியெல்லாம் கையாலேயே படியெடுத்து, கையாலேயே வண்ணம் தீட்டி, வேண்டியவர்களுக்குப் பகுதி பகுதியாகப் போய்ச் சேர்ந்தன. 1842இல் கன்னென் இறந்தபோதும் அந்தப் படியெடுக்கும் வேலை முடிந்திருக்கவில்லை. 96 தொகுதிகளும் வண்ண மரக்கட்டை அச்சில் முழுமையாக வெளிவர 1916 முதல் 1922 வரையான காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஜப்பானிய அச்சோவிய வணிகர்களிடம் தனித்தாளாகக் கிடைக்கும் கன்னெனின் செடிகள் பலவும் இந்தப் பிற்காலப் பதிப்பைச் சேர்ந்தவை.

இத்தனைக்கும் ஜப்பானியர்களுக்கு அச்சு புதிதில்லை. 764க்கும் 770க்கும் இடையில் பேரரசி ஷோதொகு பௌத்த மந்திரத்தைச் சிறு தாள்களில் அச்சிடச் சொல்லி, பத்து லட்சம் மரக்கோபுரங்களுக்குள் வைக்க ஆணையிட்டதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கன்னென் காலத்து எடோவில் கதைப் புத்தகம், நடிகர் படம், ஊர் வழிகாட்டி என்று அச்சுக் கடைகள் நிரம்பி வழிந்தன. அப்படியிருந்தும் ஒரு செடியை அதன் இலை நரம்போடு அச்சில் கொண்டுவருவது பெரும்பாடாக ஏன் இருந்தது? அச்சுப் பட்டறைக்குள் நுழைந்தால்தான் தெரியும்.

*

ஓவியர் முதலில் மிக மெல்லிய தாளில், இறுதிக் கோடுகளை மட்டும் கறுப்பு மையில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதை வாங்கி, காட்டுச் செர்ரி மரப்பலகையில் பசை தடவி, படம் தெரியும் பக்கம் கீழாகக் குப்புற ஒட்டுவார். பிறகு தாளின் முதுகை விரல்நுனியால் தேய்த்துத் தேய்த்து உரித்தெடுப்பார். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத மென்படலமும் அதில் கோடுகளும்தான் மிஞ்சும். உளி அந்தக் கோடுகளின் இருபுறமும் இறங்கும். கோடு நிற்கும், மற்றதெல்லாம் பள்ளமாகும். ஓவியரின் மூலப்படம் மரத்தூளோடு போய்விடும். இன்று உலக அருங்காட்சியகங்களில் ஜப்பானிய அச்சுப்படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், அவற்றுக்காக வரைந்த இறுதி வரைபடங்கள் அரிதாகவே கிடைக்கக் காரணம் இதுதான். கட்டை உருவாகும்போதே முதல் தாள் பலியாகிவிடுகிறது.

அந்த முதல் தாளுக்கு இரண்டு குணம் வேண்டும். மை ஊறிப் பரவக் கூடாது. அடுக்கடுக்காக உரிக்கவும் வர வேண்டும். குட்டை நார்க் காகிதத்தை ஈரத்தில் தேய்த்தால் நொறுங்கித் திரளும். பட்டைநாரில் செய்த தாள் மட்டுமே இதழ் இதழாகக் கழன்று வரும்.

அடுத்து அச்சு. ஐரோப்பியப் பட்டறையில் இருந்தது போன்ற அழுத்து இயந்திரம் ஜப்பானியரிடம் இல்லை. கட்டையில் நீர்வண்ணத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் தடவுவார்கள். ஈரப்பதமான தாளை மேலே விரிப்பார்கள். உள்ளங்கை அளவுள்ள 'பாரென்' என்ற வட்டத் தகட்டால் தாளின் முதுகை வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். மூங்கில் மடலைக் கீறி முறுக்கிய கயிற்றைச் சுருளாகச் சுற்றி, மேலே இன்னொரு மூங்கில் மடலால் போர்த்தியதுதான் பாரென். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. கட்டையின் ஓரத்தில் செதுக்கிய 'கென்தோ' என்ற சிறு தடுப்பில் தாளின் மூலை உட்கார வேண்டும். பத்து நிறம் என்றால் ஒரே தாள் பத்துத் தடவை நனைந்த நிலையில் தேய்படும். ஒரு தடவைகூடக் கிழியக் கூடாது, மயிரிழைகூட நீளவோ சுருங்கவோ கூடாது. சுருங்கினால் இலையின் பச்சை கோட்டுக்கு வெளியே வழியும்; பூவின் சிவப்பு காம்பில் ஏறும். நாடகப் பெண்ணின் உடையில் அப்படி ஒரு பிசகு நேர்ந்தால் கண் மன்னித்துவிடும். செடியை அடையாளம் காட்டும் படத்தில் நேர்ந்தால் அந்தப் படமே வீண்.

1765இல் சுசூகி ஹருனொபு பல நிற அச்சைப் பெரிய அளவில் கொண்டுவந்தபோது, அந்தப் பாய்ச்சலுக்குத் தோள் கொடுத்தது ஹோஷோ என்ற தாள். அரசாணை எழுதுவதற்கான தாள் அது. தடிமனும் மென்மையும் ஒருங்கே கொண்டது. கலை வரலாறு ஹருனொபுவை ஓவியராகக் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியவர்தான். அந்தத் தாளைச் செய்த எச்சிசென் கிராமத்தாரின் பெயர்களும் அதே பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

*

எச்சிசென் என்பது இன்றைய ஃபுக்குயி மாநிலத்தின் ஒரு பகுதி. மலையடிவாரம், தெளிந்த ஓடை, விளைநிலம் குறைவு. ஓடையின் மேற்பகுதியில் ஓர் அழகிய பெண் தோன்றி, "இங்கே வயல் போதாது, நீர் தெளிவாக இருக்கிறது, காகிதம் செய்து பிழைத்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் சொல்லி, தன் மேலாடையை மூங்கிலில் தொங்கவிட்டு, செய்முறையைக் கற்றுக்கொடுத்தாள் என்பது அவ்வூர் நம்பிக்கை. கவகாமி கொசென், அதாவது மேலாற்று அம்மை என்று பெயரிட்டு இன்றும் வணங்குகிறார்கள். காகிதத்துக்கென்றே ஒரு தெய்வம் குடிகொண்ட கோயில் அங்கே இருக்கிறது.

மூலப்பொருள் கோசோ. பட்டுப்பூச்சிக்கு இலை தரும் முசுக்கட்டையின் உறவு, காகித முசுக்கட்டை என்று சொல்லலாம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் அந்த ஆண்டின் கிளைகளை அடியோடு வெட்டுவார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், அடுத்த ஆண்டு மறுபடி வெட்டலாம். வெட்டிய கழிகளைக் கட்டாகக் கட்டி, பெரிய மரத்தொட்டியைக் கவிழ்த்து மூடி ஆவியில் வேகவைப்பார்கள். சூட்டோடு உரித்தால் பட்டை ஒரே இழுப்பில் கழன்று வரும். மேல்தோலின் கறுப்பைக் கத்தியால் சுரண்டிய பிறகு மிஞ்சும் வெண்பட்டைதான் காகிதம் ஆகப்போவது. மரத்தை யாரும் சீந்துவதில்லை, அது அடுப்புக்கு.

வெண்பட்டையைச் சாம்பல் நீரில் வேகவைத்து, ஓடும் நீரில் கழுவி, பிறகு தொடங்கும் வேலைதான் பொறுமையைச் சோதிப்பது. ஓடை நீரில் கைவிட்டு, ஒவ்வொரு பட்டை இழையாகப் புரட்டி, மொட்டு இருந்த வடு, பூச்சி கடித்த இடம், ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்கு என ஒவ்வொன்றையும் விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். மாதமோ டிசம்பர், ஜனவரி. நீர் பனிக்கட்டிக்கு ஒரு படி மேல். தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். அவர்கள் தவறவிட்ட ஒரு துணுக்கு, அச்சில் வெள்ளை மலரிதழின் நடுவே புள்ளியாக வந்து நிற்கும். கன்னென் காலத்துப் படங்களில் மல்லிகை இதழ் மாசற்று இருக்கிறதென்றால் அது முகம் தெரியாத ஒருத்தியின் விரல் மரத்துப்போன ஒரு காலை வேளைக்குச் சொந்தமானது.

அடித்துப் பிரித்த நாரைத் தொட்டி நீரில் கலக்குவார்கள். கோசோ நார் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் வரும்; மரக்கூழ் நாரைவிடப் பல மடங்கு நீளம். நீளமான நார்தான் தாளின் வலு, அதுவே தலைவலியும்கூட. சும்மா விட்டால் தொட்டியின் அடியில் படிந்துவிடும் அல்லது சிக்குண்டு முடிச்சாகும். இங்கேதான் 'தொரொரோ அஓயி' என்ற செடி உள்ளே வருகிறது. வெண்டையின் நெருங்கிய உறவு. அதன் வேரை நசுக்கி நீரில் ஊறவைத்தால், வெண்டைக்காய் நறுக்கும்போது விரலில் இழுபடும் அதே கொழகொழப்பு நீருக்கு வந்துவிடும். அந்த வழவழப்பான நீரில் நார் அடியில் இறங்காமல், ஒன்றோடொன்று சிக்காமல், அந்தரத்தில் மிதக்கும். சல்லடையிலிருந்து நீர் சட்டென்று வடிந்துபோகாமல் மெதுவாக இறங்கும்.

மெதுவாக இறங்குவதால்தான் கைக்கு நேரம் கிடைக்கிறது. மூங்கில் குச்சிகளைப் பட்டு நூலால் கோத்த பாயை மரச்சட்டத்தில் பொருத்தி, தொட்டியில் முக்கி எடுப்பார் தாள் வார்ப்பவர். முதல் முகவையில் மெல்லிய படலம் பாய்மேல் பரவும். அடுத்தடுத்த முகவைகளில் சட்டத்தை முன்னும் பின்னும், சில ஊர்களில் பக்கவாட்டிலும் ஆட்டுவார். நார்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து பின்னிக்கொள்ளும். தேவையான தடிமன் வந்ததும் மேலே மிஞ்சிய நீரை அழுக்கோடு சேர்த்து ஒரே வீச்சில் தொட்டிக்கே திருப்பி எறிவார். சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் கற்ற கலையை ஜப்பானியர் தமதாக்கிக்கொண்டது இந்த ஆட்டத்தில்தான். ஈரத்தாளை ஒன்றின்மேல் ஒன்றாக நேராகவே அடுக்குகிறார்கள். ஐரோப்பாவில் போல இடையில் கம்பளித்துணி வைப்பதில்லை. நூற்றுக்கணக்கான தாள்கள் அடுக்காகி, இரவெல்லாம் பாரம் ஏறி நீர் வடிந்த பிறகும், மறுநாள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வருகின்றன. வெளியாள் முதல்முறை பார்த்தால் நம்ப மாட்டார்.

கொழகொழப்பு கோடையில் நிற்காது, சூட்டில் நீர்த்துவிடும். நல்ல தாளுக்குக் கடுங்குளிர் தேவைப்பட்டது அதனால்தான். விவசாயிக்கு வயலில் வேலை இல்லாத மாதங்களும் அவையே.

பிரித்த தாளைப் பலகையில் ஒட்டி, தூரிகையால் நீவிக் காயவைப்பார்கள். வண்ண அச்சுக்குப் போகும் தாளுக்கு இன்னும் ஒரு படி உண்டு. வஜ்ஜிரமும் படிகாரமும் கரைத்த நீரை அகலத் தூரிகையால் பூசுவது. அந்தப் பூச்சு குறைந்தால் வண்ணம் ஊறிப் பரவும். கூடினால் வண்ணம் பிடிக்காமல் மேலேயே நிற்கும். மழைநாளில் ஒரு கணக்கு, வெயில்நாளில் வேறு கணக்கு.

இவ்வளவு உழைப்பையும் வெளியுலகுக்குச் சொல்ல ஒருவருக்குத் தோன்றியது. இவாமி பகுதியைச் சேர்ந்த காகித வணிகர் குனிசாக்கி ஜிஹேய், 1798இல் 'கமிசுகி சோஹோகி' என்ற சிறு நூலை வெளியிட்டார். கழி வெட்டுவது முதல் தாளைக் கட்டாகக் கட்டுவது வரை ஒவ்வொரு படியும் படத்தோடு இருக்கிறது. காகிதம் செய்வதைப் பற்றி, காகிதத்தில், மரக்கட்டையில் அச்சிட்ட நூல். உலகக் காகித வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

ஜிஹேயின் படங்களில் குடும்பம் கூடி வேலை செய்கிறது, குழந்தை விளையாடுகிறது. எல்லா ஊரிலும் அப்படி இருக்கவில்லை. ஷிகோக்கு தீவின் தோசா நாட்டில் காகிதக் கொள்முதலை ஆட்சியாளர்கள் தம் கைக்குள் வைத்திருந்தார்கள். செய்தவர் விருப்பப்பட்ட விலைக்கு, விருப்பப்பட்டவருக்கு விற்க வழியில்லை. 1787இல் இகெகவா, நனோகவா என்ற மலையூர்களின் மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டு, எல்லை தாண்டி அண்டை நாடான இயோவுக்குப் போய்த் தஞ்சம் புகுந்தார்கள். வரலாற்றில் அது காகிதக் கிளர்ச்சி என்றே பதிவாகியிருக்கிறது. எடோவின் செல்வந்தர் ஒருவர் மாலை நேரத்தில் பூப்படப் புத்தகத்தைப் புரட்டி மகிழ்ந்த அதே ஆண்டுகள் அவை.

*

செடிப் படங்களுக்குத் திரும்புவோம். கன்னெனுக்கு வெகுகாலம் முன்பே இந்தத் துறை தழைக்கத் தொடங்கிவிட்டது. சீனத்து லி ஷிஜென் எழுதிய மாபெரும் மூலிகைத் தொகுதி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானுக்கு வந்தது. அதில் உள்ள செடி எது, நம் மண்ணில் உள்ள செடி எது என்ற குழப்பமும் கூடவே வந்தது. 1709இல் கைபாரா எக்கிக்கென், ஜப்பானியத் தாவரங்களை முன்வைத்து 'யமாதோ ஹொன்ஸோ' எழுதினார். பெயரை வைத்து வாதாடுவதைவிடச் செடியை நேரில் பார்ப்பது மேல் என்ற எண்ணம் வேரூன்றியது. பார்த்ததைப் பிறருக்குக் காட்டப் படம் வேண்டுமே!

அந்தத் தேவைக்கு மிக அழகாகப் பதில் சொன்னது 'கா-இ'. 1759க்கும் 1765க்கும் இடையில் எட்டுத் தொகுதிகளாக வந்த நூல். ஷிமதா மித்சுஃபுசா தொடங்கினார், ஓனோ ரன்சான் முடித்தார். செடிகள் நூறு, மரங்கள் நூறு. வண்ணம் ஒரு துளி இல்லை. இலையின் ஒரு பக்கத்தை வெள்ளையாக விட்டு, மறுபக்கத்தைக் கறுப்பால் நிரப்பினார்கள். காற்றில் புரண்ட இலையின் முதுகு எது, முகம் எது என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும். ஐரோப்பியச் செப்புத்தகட்டு ஓவியர் நூறு கீறல்களால் சாதித்த நிழலை, ஒரே கறுப்பு வெளியால் சாதித்திருக்கிறார்கள். பரந்த கறுப்பு திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக விழத் தாளின் தடிமனும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். நூறாண்டு கழித்து, 1873இல், பிரெஞ்சு மருத்துவர் லுதோவிக் சவாத்தியே இந்த நூலைப் பிரெஞ்சு மொழியில் கொண்டுவந்தார். பழைய நூல் என்பதற்காக அன்று. தாவர ஆய்வாளருக்குப் பயன்படும் என்பதற்காக.

கறுப்பு வெள்ளையின் எல்லையைத் தொட்டுப் பார்த்தவர் கியோத்தோவின் இதோ ஜக்குச்சூ. காய்கறி மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓவியத்தில் மூழ்கியவர். 1768இல் வெளியிட்ட 'கெம்போ யோகா'வில் செடிகள் வெள்ளை, பின்புலம் கரிய இருட்டு. கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போன்ற முறை இது: கோடுகளைப் பள்ளமாகச் செதுக்கி, ஈரத்தாளைக் கட்டையின் முகத்திலேயே படரவிட்டு, பள்ளங்களுக்குள் அமுக்கி, மையை மேலிருந்து ஒற்றி எடுப்பது. பள்ளத்தில் இறங்கிய தாள் வெள்ளையாகவே தங்கும். கிழியாமல் பள்ளத்துக்குள் வளைந்து இறங்குவது நீள நார்த் தாளுக்கு மட்டுமே கூடும். ஜக்குச்சூவின் செடிகளில் பூச்சி அரித்த துளைகள் இருக்கும், ஓரம் காய்ந்து சுருண்ட இலைகள் இருக்கும். தோட்டத்தில் செடி அப்படித்தானே இருக்கிறது? குறையில்லாத மாதிரிச் செடியைத் தேடும் அறிவியல் படங்களுக்கு நடுவே, அவருடைய அரிபட்ட இலைதான் கண்ணைவிட்டு அகல மறுக்கிறது.

வண்ணங்களும் பெரும்பாலும் செடியிலிருந்தே வந்தன. குசும்பாப் பூவிலிருந்து சிவப்பு. மஞ்சள் கிழங்கிலிருந்தும் மஞ்சள் நிறம் எடுத்தார்கள். நம் அடுப்படியில் இருக்கும் அதே மஞ்சள். நீலத்துக்குத் 'த்சுயுகுசா' என்ற செடியின் பூ. நம் வரப்புகளில் படரும் கானாம்வாழையின் இனம். இந்த நீலத்தைச் சேமித்த விதம் வியப்பூட்டுவது. பூவின் சாற்றைத் தாளில் தடவி, உலர்த்தி, மறுபடி தடவி, மறுபடி உலர்த்தி, தாளே கருநீலமாகும்வரை ஊட்டுவார்கள். வண்ணம் வேண்டும்போது அந்தத் தாளில் ஒரு துண்டைக் கிள்ளி நீரில் போட்டால் நீலம் கரைந்து இறங்கும். ஓமி நாட்டின் குசாத்சு ஊரார் இதைச் செய்து விற்றார்கள். ஒளியும் ஈரமும் பட்டால் இந்த நீலம் வெளிறிப்போகும். பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களில் இன்று சாம்பலும் பழுப்புமாகத் தெரியும் வானங்களும் ஆறுகளும் ஒரு காலத்தில் நீலமாக இருந்தவை.

செடி, கட்டை, தாள், பசை, தூரிகைக்கு அடியில் கரையும் வண்ணம், தேய்க்கும் மூங்கில் மடல் என்று எல்லாமே தாவரம். ஒரு பூவின் படத்தை உருவாக்க எத்தனை செடிகள் சேர்ந்து உழைத்தன என்று எண்ணினால், அந்தப் பக்கத்தில் வரைந்திருக்கும் ஒன்றைவிட வரையாமல் இருப்பவை அதிகம்.

1830களில் ஐரோப்பாவின் பிரஷ்ய நீலம் மலிந்தபோது நிலைமை மாறியது. வெளிறாத நீலம் கையில் கிடைத்ததும் ஓவியர் ஹொக்குசாயி அதை நிலக்காட்சியில் மட்டுமின்றி மலர்களிலும் இறக்கினார். 1833, 34 வாக்கில் நிஷிமுராயா யொஹாச்சி வெளியிட்ட பத்துப் பெரிய மலர்ப் படங்களில், காற்றில் வளைந்த கசகசாப் பூக்கள் புகழ்பெற்றவை. அதே வரிசையில் அசகாவோ என்ற தாளி இனக் கொடியின் படம் ஒன்று உண்டு. நீலப் பூக்களையும் பச்சை இலைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தால், சற்று நேரம் கழித்து இலையோடு இலையாக ஒரு மரத்தவளை உட்கார்ந்திருப்பது தெரியவரும்.

அந்த அசகாவோதான் எடோ மக்களைப் பித்துப் பிடிக்க வைத்த கொடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பிறகு 1850களை ஒட்டியும் இரண்டு முறை அந்த மோகம் உச்சத்துக்குப் போனது. காலையில் விரிந்து உச்சிக்குள் வாடும் எளிய பூவை, கிழிந்த இதழ், அடுக்கு இதழ், சுருண்ட இலை, இறகு போன்ற வடிவம் என அடையாளமே தெரியாதபடி மாற்றிவிட்டார்கள். மிக விசித்திரமான அடுக்குப் பூக்கள் விதை கொடுப்பதில்லை. ஆகவே அவற்றோடு பிறந்த, வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் செடிகளின் விதைகளைப் பாதுகாத்து, அடுத்த ஆண்டு விதைத்து, முளைகளில் பொறுக்கி எடுத்தார்கள். மெண்டல் தன் பட்டாணி ஆய்வை வெளியிட்டது 1866இல். மறைந்திருக்கும் குணம் தலைமுறை தாண்டி வெளிவரும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த எடோ தோட்டக்காரர்கள் அதை விதியாக எழுதவில்லை, படமாக அச்சிட்டார்கள். 1854இல் ஹத்தோரி செஸ்ஸாய் வரைந்த 'அசகாவோ சன்ஜூரொக்கசென்' அவற்றில் தலைசிறந்தது. அதில் உள்ள வகைகள் பல மண்ணில் இல்லாமல் போயின. தாளில் மட்டும் இருக்கின்றன.

*

சீபோல்ட் எடோவிலிருந்து திரும்பிய பிறகு, நகோயாவைச் சேர்ந்த இதோ கெய்சுக்கே என்ற இளைஞர் நாகசாகிக்குச் சென்று அவரிடம் பாடம் கேட்டார். ஊர் திரும்பும்போது தூன்பர்க் எழுதிய ஜப்பானியத் தாவர நூலைச் சீபோல்ட் அவருக்குக் கொடுத்தார். லின்னேயஸின் மாணவரான தூன்பர்க், 1775இல் தேஜிமாவுக்கு வந்து செடி சேகரித்தவர். அந்த நூலை அடிப்படையாகக் கொண்டு கெய்சுக்கே 1829இல் வெளியிட்ட நூல், லின்னேயஸ் முறையை ஜப்பானிய வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது. பூவை மகரந்தத்தாள், சூலகம் என்று எண்ணிப் பிரிக்கும் பார்வை வந்ததும் படங்களும் மாறியாக வேண்டியிருந்தது. இலையின் அழகைவிடப் பூவின் உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியமாயிற்று.

அந்த மாற்றத்தை மரக்கட்டையில் நிறைவேற்றியவர் மினோ நாட்டு ஒகாக்கி ஊர் மருத்துவர் ஈநுமா யொகுசாய். ஐம்பது வயதில் மருத்துவத் தொழிலைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர்ப்புறத்து வீட்டில் செடிகளோடும் ஒரு நுண்ணோக்கியோடும் உட்கார்ந்துகொண்டார். 'சோமொகு ஸுசெத்சு' அச்சேறத் தொடங்கியது 1856இல், அவர் எழுபதைத் தாண்டிய பிறகு. 1862க்குள் செடிகளுக்கான இருபது தொகுதிகளும் வந்துவிட்டன. லின்னேயஸ் முறையில் வரிசைப்படுத்திய முதல் ஜப்பானியத் தாவரப் படத்தொகுதி அதுதான். முழுச்செடியின் பக்கத்திலேயே பூவின் உறுப்புகளைப் பிரித்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மரங்களுக்கான பத்துத் தொகுதிகள் கையெழுத்தாகவே தங்கிவிட்டன. அவை அச்சானது 1977இல்.

யொகுசாய் வாழ்ந்த மினோ, காகிதத்துக்குப் பேர்போன நாடு. 702இல் அங்கே செய்த தாளில் எழுதிய குடிக்கணக்குப் பதிவேடு நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்னும் இருக்கிறது. எடோ காலத்துப் பெரிய அளவுப் புத்தகங்களின் அளவே மினோ தாளை இரண்டாக மடித்த அளவுதான். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, மடிப்பு வெளியே இருக்கும்படி தைப்பார்கள். ஆகவே ஓவியர் ஒரு செடியை எவ்வளவு உயரத்துக்கு வரையலாம், எங்கே கிளையை வளைக்க வேண்டும், எங்கே தண்டை வெட்டிப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தது தாள் வார்ப்பவரின் சட்டம்.

1868க்குப் பிறகு காற்று திசை மாறியது. ஐரோப்பா ஜப்பானியக் காகிதத்தை ஆசையோடு பார்த்தது. பிரிட்டிஷ் தூதர் ஹாரி பார்க்ஸ் 400க்கும் மேற்பட்ட காகித மாதிரிகளைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார், அவற்றின் ஒரு பகுதி கியூ தாவரத் தோட்டத்தில் இருக்கிறது. ஜப்பானிய அறிவியலோ கல்லச்சின் பக்கம் நகர்ந்தது. தோசாவில் பிறந்த மகினோ தொமிதாரோ, தன் செடிப் படங்களின் கோடு பிறர் கையில் மாறிவிடக் கூடாது என்பதற்காகத் தோக்கியோவில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து கல்லச்சைத் தானே கற்றார். 1888இல் அவருடைய தாவரப் படத்தொகுதியின் முதல் பகுதி வெளிவந்தது. கல்லச்சுக்கு நீள நார் தேவையில்லை, இயந்திரத் தாள் போதும். அதே மகினோதான் பிறகு 1907 முதல் 1913 வரை, யொகுசாயின் நூலைத் திருத்திப் புதுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். மரக்கட்டை வண்ண அச்சு கியோத்தோவின் கலைப் பதிப்பகங்களில் தொடர்ந்தது. 1917இல் உன்சோதோ வெளியிடத் தொடங்கிய தனிகாமி கோனனின் மேற்கத்திய மலர்ப் படங்கள் அந்த வழியில் வந்தவை. எச்சிசென்னில் கைவார்ப்பு ஹோஷோ இன்றும் நிற்கவில்லை. இவானோ இச்சிபெய் என்ற பட்டப்பெயரைத் தலைமுறையாகத் தாங்கும் குடும்பத்தில் எட்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற தகுதியை ஜப்பானிய அரசு வழங்கியது.

காகிதச் செடிகளில் ஒன்றை மட்டும் இந்த அத்தியாயத்தில் தொடாமல் விட்டிருக்கிறோம். மித்சுமாதா. ஒவ்வொரு கிளையும் மூன்று மூன்றாகப் பிரியும் புதர். வசந்தத்தின் தொடக்கத்தில் இலை வருமுன்பே மஞ்சள் பூக்கொத்துகள் தொங்கும். சீபோல்டும் தாவரவியலாளர் சுக்காரினியும் அதன் அறிவியல் பெயரிலேயே காகிதத்தைச் சேர்த்துவைத்தார்கள். 1879 வாக்கில் ஜப்பானிய அரசின் அச்சகம் அந்தப் பட்டையிலிருந்து பணத்தாள் செய்யத் தொடங்கியது. இன்று ஜப்பானியர் சட்டைப்பையில் இருக்கும் யென் நோட்டுக்கான பட்டை நேபாளத்து மலைச்சரிவுகளிலிருந்தும் வருகிறது. அந்தச் செடி நேபாளம் வரை போய்த் திரும்பிய கதையை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)